சீமெந்து அடைத்த வாகை

மரத்தைப் பார்க்கவும் படித்த ஆள் வேண்டுமா என்று உரும்பிராயில் சிரிக்காதவர்கள் குறைவு. முதலில் சிரித்தவள் உதயகலா தான். பிறகு அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டவளும் அவளே.

உதயகலாவுக்கு ஐம்பத்திமூன்று வயது. கலியாணம் கட்டவில்லை. ஏனென்று கேட்டால், "எனக்குத்தான் வருசத்துக்கு முப்பது பிள்ளை பிறக்குதே" என்று கேட்டவரின் வாயை அடைத்துவிடுவாள். இருபத்தாறு வருடங்களுக்கு முன், பதினொரு பிள்ளைகளையும் இரண்டு பாய்களையும் வைத்துக்கொண்டு, ஒழுங்கை முகப்பில் நின்ற வாகை மரத்துக்குக் கீழே முன்பள்ளியைத் தொடங்கினாள். கட்டடம் பிறகுதான் வந்தது. அதுவும் தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் உள்ளே இருந்தால் பிள்ளைகள் அவிந்துபோகும். அதனால் பாட்டும் கதையும் சாப்பாடும் என்றைக்கும் மரத்தடியில்தான். பெரிய வீதியில் மின்விசிறி போட்ட புதிய முன்பள்ளி திறந்த பிறகும் சனம் இவளிடம் பிள்ளைகளை விட்டதற்குப் பாதிக் காரணம் உதயகலா, மற்றப் பாதி அந்த நிழல்.

மரத்தை அவள் கவனிக்காமல் விட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், தகப்பன்மார் கத்தியோடு ஏறிக் கொப்புகளை ஒட்ட வெட்டி மரத்தை மொட்டையாக்குவார்கள். மொட்டையாக நின்றால் காற்றுக்கு விழாது என்பது ஊர்க் கணக்கு. குழை தாய்மாரின் ஆடுகளுக்குப் போகும். மிச்சத்தை நீர்வேலி வாழைத் தோட்டக்காரர் ஒருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போவார். அன்றைக்கு உதயகலா பெரிய பானையில் கஞ்சி காய்ச்சுவாள். முற்றம் திருவிழாக் கோலமாக இருக்கும்.

எட்டு வருடங்களுக்கு முன் அடிமரத்தில் ஒரு பொந்தைக் கண்டாள். ஒரு பிள்ளை அதற்குள் கையை விட, மட்டத்தேள் ஒன்று வெளியே ஓடிவந்தது. அடுத்த நாளே மணல் அரித்து, சீமெந்து குழைத்து, சொத்தைப் பல்லை அடைப்பதுபோலத் தன் கையாலேயே பொந்தை அடைத்து, மேலே மண்ணிறப் பூச்சும் பூசினாள். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவளுக்கும் உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

இந்த ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றே இல்லாத நேரத்தில் கொப்பொன்று முறிந்து விழுந்தது. நல்ல காலம், முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மரத்தால் ஆபத்தில்லை என்று தகுதியுள்ள ஒருவரிடம் எழுதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அடியோடு தறிக்க வேண்டும்.

"மரத்துக்கு ஒண்டுமில்லை. ஒரு கடுதாசி தானே, வாங்கிக் குடுப்பம்" என்று பெற்றோரிடம் சொன்னாள். நிழல் போனால் பள்ளி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளி போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

உதயகலா தேடிப் பிடித்த நிவேதனா வந்தாள். விவசாயத்தில் பட்டம் எடுத்து, மரப் பராமரிப்பைத் தனியாகப் படித்துத் தேறியவள். முப்பது வயதிருக்கும். தலைக்கவசத்தோடு மரத்தை மூன்று தரம் சுற்றி நடந்தாள். மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தாள். ஊசி போன்ற கருவியால் துளைத்து, வந்த தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கயிற்றில் ஏறி, பழைய வெட்டு வாய்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். உதயகலா கீழே தேத்தண்ணியோடு காத்து நின்றாள்.

இறங்கி வந்தவள் தேத்தண்ணியை வாங்கவில்லை.

"ரீச்சர், இனி இதுக்குக் கீழை பிள்ளையளை இருத்தாதேங்கோ."

"என்ன தங்கச்சி சொல்லுறீங்கள்? பாருங்கோ, எப்பிடித் தழைச்சு நிக்குது!"

"தழைச்சு நிக்கிறதுதான் மோசம். வருசா வருசம் மொட்டை அடிச்ச இடமெல்லாம் உக்கி உள்ளுக்கை இறங்கியிருக்கு. புதுக் கொப்புகள் தோலிலைதான் ஒட்டிக்கொண்டு நிக்குது, பாரம் தாங்காது. அடியிலை சீமெந்தைச் சுத்தி ஈரம் தங்கி, உள்மரம் மாவாய்ப் போச்சு. வெளியிலை பூசியிருக்கிறதாலை ஆருக்கும் தெரியேல்லை."

"கொப்பைக் குறைச்சு, கம்பி இழுத்துக் கட்டி வைச்சிருக்கேலாதோ?"

"அடி நல்லாயிருந்தால் நானே அதைத்தான் செய்வன். இனி ஏலாது ரீச்சர். தறிக்கத்தான் வேணும்."

உதயகலா சீமெந்துப் பூச்சைப் பார்த்தாள். "எத்தினை வருசமாய் இப்பிடி?"

நிவேதனா கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சாறு வருசமாவது இருக்கும்."

சிவப்பு நாடாவை மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு அவள் போனாள். உதயகலா சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வருடத்துக்கு முப்பது பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் பெயரோடு வந்தது. தாயைத் தேடி அழுத பிள்ளைகளைத் தூக்கிப்போய் அந்தப் பொந்தடியில்தானே இருத்தினாள்? ஒழுங்கையில் நின்றே அழுதாள்.

அடுத்த நாள் பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். நிவேதனாவின் அறிக்கையைச் சந்திக் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்த உதயகலா படலை வாசலில் திகைத்து நின்றாள். உள்ளே வெக்கை தாங்காமல் பெற்றோர் நாடாவைத் தூக்கிவிட்டு, பாயை விரித்து, பிள்ளைகளோடு மரத்தடியில் இருந்தார்கள்.

நிவேதனா பதறிப்போய் எழும்பச் சொன்னாள். விளக்கமும் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ" என்றான் றமேஸ். மேசன் வேலை செய்பவன், இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் விட்டவன். "ரீச்சர் தன்ரை கையாலை அடைச்ச மரம் இது. எங்கடை பிள்ளையளுக்கு ஒண்டு வர ரீச்சர் விடுவாவோ? அவ நல்லம் எண்டு சொன்னால் எங்களுக்குக் காணும்."

"ஓம், ஓம்" என்றார்கள் மற்றவர்கள். எல்லாரும் உதயகலாவைப் பார்த்தார்கள்.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருபத்தாறு வருடம் தேடிய பேர் அது. வாயைத் திறக்காமல் நின்றாலே பள்ளியும் நிற்கும், பேரும் நிற்கும். அப்போதுதான் பாயில் இருந்த தாய்மாரில் ஒருத்தியான பிரசாந்தியின் மகன் டிலக்ஷனைக் கண்டாள். அந்தச் சீமெந்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பிஸ்கற் தின்றுகொண்டிருந்தான்.

"எழும்புங்கோ" என்றாள். "எல்லாரும் வெளியாலை வாங்கோ. என்னை நம்பி இருக்காதேங்கோ. எனக்கு மரத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. தெரியாமல்தான் வெட்டுவிச்சன், தெரியாமல்தான் சீமெந்து போட்டன். இந்த மரம் உக்கினது என்னாலை. இந்தப் பிள்ளை சொல்லுறதுதான் உண்மை."

பாய்கள் சுருண்டன. எல்லாரும் வெயிலுக்கு வந்து நின்றார்கள். பிரசாந்திதான் முதலில் வாய் திறந்தாள். அவளும் இந்த முற்றத்தில் படித்தவள், உதயகலாவின் மடியில் இருந்து பழம் தின்றவள்.

"அப்ப ரீச்சர், இவ்வளவு நாளும் என்ரை பிள்ளையைச் சாகிற இடத்திலையோ இருத்தி வைச்சிருந்தனீங்கள்?"

தெரியாமல் செய்தேன் என்று இன்னொரு தரம் சொல்லலாம். சொல்லி என்ன? "ஓம்" என்றாள் உதயகலா.

பிரசாந்தி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். படலைக்குப் போகும் வழி மரத்தின் ஒரு பக்கக் கொப்புகளுக்குக் கீழால்தான். உதயகலா போகிறவர்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அந்தக் கொப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பிள்ளையும் ஒழுங்கையில் ஏறும்வரை ஓர் இலைகூட அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.