முன்பே ஒருவருக்கு நேர்ந்திருக்க வேண்டும்

சட்டம் படித்து முடித்து ஹூஸ்டனில் ஒரு வழக்கறிஞரிடம் சேர்ந்த புதிதில், பக்கத்து ஊரான பேர்லேண்டில் வசித்த தமிழ்ப் பல் மருத்துவர் ஒருவரின் வழக்கு என்னிடம் வந்தது. வேறு யாரையோ தேடிய காவலர் ஃப்ரீவே ஓரத்தில் அவர் காரை நிறுத்திக் கைவிலங்கை இறுக்கி மாட்டியிருந்தார். விரல்கள் மரத்துப்போவதாகக் கெஞ்சியும் ஒரு மணி நேரம் தளர்த்தவில்லை. வலது கை நரம்பு கெட்டு, தொழிலும் நின்றது. காவலர் மேல் வழக்குப் போட்ட மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: நடந்ததை ஜூரியின் முன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

பணியில் செய்ததற்காக வழக்குக்கு இழுக்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு இந்தக் காவலருக்கு இல்லை, விசாரணை நடக்கலாம் என்று மாவட்ட நீதிபதி சொன்னதும், "ஜெயிச்சுட்டோம், அங்கிள்!" என்று தொலைபேசியில் கூவினேன். அது என் அவசரம். பாதுகாப்பு உண்டா இல்லையா என்ற அந்த ஒரு கேள்விக்காகவே காவலர் உடனே மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை விசாரணை காத்திருக்க வேண்டும். காத்திருந்தது.

எதிர்த்தரப்பின் மேல்முறையீட்டு மனுவை மருத்துவர் வீட்டில் விளக்கினேன்.

"நான் சொன்னதெல்லாம் உண்மைன்னு அவங்களே எழுதிருக்காங்களேம்மா?"

"உண்மைன்னே வச்சுக்கிட்டாலும்னு எழுதிருக்காங்க, அங்கிள். இதே மாதிரி ஒரு கேஸ்ல இது தப்புன்னு கோர்ட் முன்னாடியே சொல்லிருக்கணுமாம். இல்லேன்னா ஆபீசருக்கு எப்படித் தெரியும்னு ஆர்க்யூ பண்றாங்க."

"நல்லாருக்கே!" என்றார் அவர் மனைவி. "அப்போ புதுசா யோசிச்சு அடிச்சா ஃப்ரீயா?"

பிறகு வாரக்கணக்கில் பழைய தீர்ப்புகளைப் புரட்டினேன். தோள் முறிந்தவர், போலீஸ் நாய் கடித்தவர், பல் உடைந்தவர்: ஒவ்வொருவரையும் "பொருந்தாது" என்று ஒதுக்கினேன். இன்னொருவர் கையும் இப்படியே கெட்டிருக்கக் கூடாதா என்று மனமார ஏங்குவதை ஒருநாள் உணர்ந்து, கூசிப்போய்க் கணினியை அணைத்தேன். மறுநாள் மீண்டும் தேடினேன். கிடைத்த ஒரே தீர்ப்பும் தொலைதூர மாநிலத்தது. எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

2009இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அவர் கெஞ்சியதும் விரல்கள் நிறம் மாறியதும் பிசகில்லாமல் அதில் இருந்தன. அடுத்த பத்தியில், முன்தீர்ப்பு இல்லாததால் காவலருக்குப் பாதுகாப்பு உண்டு என்று வழக்கை முடித்திருந்தார்கள்.

மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். "சரி, போகட்டும். இனிமே யாருக்காவது இப்படி ஆனா, என் கேஸைக் காட்டலாம்ல?"

அப்படிக் காட்ட, இது தவறு என்று சொல்லும் ஒரு வரி வேண்டும்; அதைத்தான் நானும் முதலில் தேடியிருந்தேன். விலங்கை அப்படி இறுக்கியது சட்டப்படி தவறா என்பதைத் தீர்மானிக்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"முடியாது, அங்கிள்."

அவர் ஜூரியின் முன் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, கார் நிறுத்தப்பட்டதிலிருந்து என்னிடம் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா."