ஒரே அரங்கம், ஒரே வியாழக்கிழமை

காலை எட்டு மணிக்குக் கோவை கணபதியில் பஸ் ஏறினேன். போகவேண்டிய இடம் சூலூருக்கு அப்பால் ஏழு கிலோமீட்டரில் ஒரு சிறிய கலைக் கல்லூரி. நாளிதழ் ஒன்றில் ‘வரும் வார நிகழ்ச்சிகள்’ பகுதியைத் தொகுப்பது என் வேலை. அதற்குப் பயணம் எதுவும் தேவையில்லை, போன் போதும். இந்தக் கல்லூரிக்கு நான்கு முறை போன் செய்தேன். அங்கே நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் வணிகவியல் பேராசிரியர் நான்கு முறையும் “விவரம் அனுப்பிச்சுடலாமுங்க” என்றார். வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

காந்திபுரத்தில் வண்டி மாறி, சிங்காநல்லூர்வரை நின்றுகொண்டு, ஒன்பதே முக்காலுக்குச் சூலூரில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் “ரெண்டே நிமிசமுங்க, எடுத்தர்லாம்” என்றார். எட்டுப் பேர் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் கேட்டபோதெல்லாம் அதே சிரிப்பு, அதே ரெண்டு நிமிசம். அவர் எரிந்து விழுந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். இத்தனை மரியாதையோடு ஏமாற்றுகிறவரிடம் என்ன செய்வது? வழி நெடுக விசைத்தறிக் கூடங்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் ஊர் கேட்டதுகூட இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

கல்லூரி வாசலில் மூன்று பேனர்கள். பன்னாட்டுக் கருத்தரங்கம், வியாழன் காலை பத்து மணி, கலையரங்கம். மாணவர் கலை விழா, வியாழன் காலை பத்து மணி, கலையரங்கம். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம். அதுவும் அதே நாள், அதே மணி, அதே அரங்கம். வேறு அரங்கம் உண்டா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். இருப்பதே ஒன்றுதான் என்றார்.

பேராசிரியருக்கு ஐம்பது வயது இருக்கும், சாந்தமான முகம். உட்காரவைத்து டீ வரவழைத்தார். மூன்றில் எதைப் போடுவது என்று கேட்டேன்.

“மூணையும் போட்டுருங்க. பாத்துக்கலாமுங்க.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டேன். வெளிநாட்டுப் பேச்சாளர் திரையில்தான் பேசுகிறாராம், மேடையில் இடம் மிச்சமாம். கண் பரிசோதனைக்குப் பின்வரிசை போதுமாம். நடனமும் கருத்தரங்கமும் ஒரே மேடையில் எப்படி என்றதற்கு இன்னொரு டீ சொன்னார். மூன்று துறைகளும் தனித்தனியாக வந்து கேட்டிருக்கின்றன. மூன்றுக்கும் அவர் “ஆகட்டுங்க” என்றிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

அறை வாசலில் ஒரு பெண் காத்து நின்றாள். பெயர் ஜெனிபர், மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கியம். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் வராந்தாவுக்கு அழைத்தாள். அவளும் நண்பர்களும் ஒரு நாடகம் தயாரித்திருக்கிறார்கள். அதற்கு அரங்கம் வேண்டும், புதன்கிழமை.

அந்தப் புதன் எனக்கும் தெரியும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள்; இந்த மாதம் சூலூர்ப் பக்கம் அது புதன். எங்கள் இதழில் பலரும் முதலில் தேடும் செய்தி அதுதான். ஃபேன், மைக் எதுவும் ஓடாது என்று மற்ற எல்லாரும் ஒதுக்கிய நாளை இவள் கேட்கிறாளே என்றேன்.

“அன்னைக்குத்தானுங்க தறி நிக்கும். எங்கம்மா தறி ஓட்டறவங்க. அவங்களுக்கும், கூட வேலை செய்யறவங்களுக்கும் அன்னைக்குத்தான் லீவு. மூணு வருசத்துல அம்மா ஒருக்காக்கூட இந்தக் காலேஜுக்குள்ள வந்ததில்லீங்க.”

மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்குமா என்றேன்.

“தறிக் குடோனுக்குப் பக்கத்து ஊட்டுல வளந்தவளுங்க நானு. எனக்கெதுக்குங்க மைக்கு? அவங்களுக்கும் காது மந்தம். மைக் வெச்சாலும் கத்தித்தான் ஆகோணும்.”

மூன்று வாரமாகக் கேட்டு வருகிறாள். பேராசிரியர் மறுக்கவில்லை, “பாத்துக்கலாம் கண்ணு” என்றே சொல்லி வருகிறார். இதற்கிடையில் அம்மாவின் தறி முதலாளி, அரங்கம் கிடைக்காவிட்டால் தறிகள் இருக்கும் குடோனிலேயே நடத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று மதியத்துக்குள் முடிவு தெரியவேண்டும். இல்லையென்றால் அந்த நாளில் தறிகளைப் பிரித்து ரிப்பேர் பார்க்க ஆளை வரச்சொல்லிவிடுவார். அப்புறம் அரங்கமும் இல்லை, குடோனும் இல்லை.

நேரம் பதினொன்றே முக்கால். அவளோடு மறுபடி உள்ளே போனேன். புதன்கிழமை நாடகம் என்று போடலாமா என்று கேட்டேன்.

“போட்டுறலாமுங்க,” என்றார் பேராசிரியர், தயக்கமே இல்லாமல்.

ஜெனிபர் என்னைப் பார்த்தாள். “அவரு எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவாருங்க. சாவியக் கேளுங்க.”

கேட்டேன். பேராசிரியரின் கை மேசை இழுப்பறைவரை போய் நின்றுவிட்டது. வியாழக்கிழமைக்கான திரையும் நாற்காலிகளும் புதனன்று வருவதாகச் சொன்னார். பிறகு மேடைக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றார். பிறகு டீ ஆறுவதாகச் சொன்னார்.

“சார், முடியாதுன்னா சொல்லிருங்க சார். நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது கண்ணு?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான். “முடியாது, கண்ணு.”

அவள் தலையாட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன. நன்றி சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அம்மாவை அழைத்தாள். குடோனிலேயே வைத்துக்கொள்ளலாம், முதலாளியிடம் சொல்லிவிடு என்றாள். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அவள் பேசியது வாசல் பேனர்வரை கேட்டது. போனை வைத்தபின் கொஞ்ச நேரம் கலையரங்கத்தின் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ நிறுத்தம்வரை கூடவே வந்தாள். என் குறிப்பில் நிச்சயமான நிகழ்ச்சி ஒன்றுதான் இருந்தது: புதன், தறிக் குடோன், நாடகம். காலையில் நான் வந்த அதே ஆட்டோ நின்றது. ரெண்டு நிமிசத்தில் எடுத்துவிடலாம் என்றார் ஓட்டுநர்.

“நீங்க நாடகத்துக்கு வருவீங்களா?” என்று கேட்டாள்.

பாத்துக்கலாம் என்ற சொல் எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நானும் இந்தக் கோவைப் பக்கத்துக்காரன்தான்.

“முடியாது அம்மணி. புதன்கிழமை எனக்கு டூட்டி.”

“சரிங்க,” என்றாள். “அப்ப ஒரு சேர் கம்மியாப் போட்டுக்கறனுங்க.”