மருமக சிப்டு

எப்போதாவது ஒருமுறை நடக்கிற காரியத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில் தமிழில் பேர் உண்டு: கல்யாணம், காதுகுத்து, எழவு. திரும்பத் திரும்ப நடக்கிறதுக்கு மட்டும் இங்கிலீஷ்தான். ஷிப்ட், டூட்டி, ரவுண்ட்ஸ், ஆஃப், ஓவர்டைம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் மாமியாரே, "வென்னி வைக்கவா, இல்ல இன்னைக்கும் ஓவர்டைமா?" என்றுதான் மகனைக் கேட்பார்.

எழுபதுகளின் கடைசி அது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கணவருக்குப் பஞ்சு மில்லில் வேலை. இரண்டு இடத்திலும் வாராவாரம் ஷிப்ட் மாறும். யார் கண் பட்டதோ, இரண்டும் எதிரும் புதிருமாக வந்து வாய்த்தன. அவர் முழு நைட் போகிற வாரம் எனக்குப் பகல் டூட்டி. அவர் பகலுக்கு வந்தால் நான் நைட்டுக்குப் போவேன். பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே நின்று, "குழம்பு அடுப்படியில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

இரண்டாவது வருஷம் தெருவில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "இன்னும் விசேசம் இல்லையா?" நான் பார்த்ததோ பிரசவ வார்டு. ஊரார் பிள்ளையைத் துடைத்து அவரவர் கையில் கொடுக்கும்போது எனக்கு விட மனசே வராது. அப்படி ஓர் ஆசை எனக்குப் பிள்ளை மேல். ஆனால் காரணத்தை எந்த மருமகள் மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்வாள்? அவர் மகனுக்கோ என்னைவிடக் கூச்சம்.

மாமியார் செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்றதும், அழகர்கோவில் மலைத் தீர்த்தத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தலைமுழுக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"என்னைக்குப் போறீக?" என்று கேட்டார்.

"நாளைக்கு அவருக்கு ஆஃப். எனக்கு டூட்டி, அத்தை."

"அடுத்த வாரம்?"

"எனக்கு நைட்டு. அவருக்குப் பகல் ஷிப்ட்."

"அதுக்கடுத்த வாரம்?"

"எனக்கு ஆஃப் கெடைக்கும். அவருக்கு அன்னைக்கு வேலை இருக்கு."

மாமியார் கேட்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ஏத்தா, அப்ப நீங்க ரெண்டு பேரும் வீட்ல சேந்து இருக்கிறது என்னைக்கு?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை.

"அட கூறுகெட்டதுகளா, இதுக்கா நான் பட்டினி கெடந்தேன்" என்றார்.

மறுநாள் காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் போய் நின்றுவிட்டார். ஷிப்ட் போடுகிற மேஸ்திரி அவருக்குத் தூரத்தில் அண்ணன் முறை. ஆட்கள் கும்பலாக வெளியே வருகிற நேரம் பார்த்து, "அண்ணே, எம்மகனை மருமக சிப்டுக்கு மாத்தி விடுங்க, எனக்கொரு பேரப்புள்ள வேணும்" என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே அந்த வாரமே மாற்றிப் போட்டுவிட்டார். என் கணவர் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. "என்ன மாப்ள, மருமக சிப்டு எப்படிப் போகுது?" என்று கேட்காத ஆளில்லை. மனுஷன் கேன்டீன் பக்கமே தலைகாட்டாமல் டீத்தண்ணிக்கு ரோட்டுக்கடைக்குப் போனார்.

மகள் பிறந்தாள். நான் வேலை பார்த்த அதே வார்டில் இந்த முறை என் கையில் கொடுத்தார்கள். விக்கி விக்கி அழுதேன்.

பேறுகால லீவு முடிகிற சமயம், மாமியார் சேலை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்க அத்தை கெளம்பிட்டீங்க?"

"மில்லுக்கு. பழைய சிப்டையே போடச் சொல்லிட்டு வாரேன். ஆத்தாளோ அப்பனோ, புள்ளைகிட்ட ஒரு ஆளு எந்நேரமும் இருக்கணும்ல."

எனக்குப் பகீரென்றது. அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னப் பழகியே ஒரு வருஷம்தான் ஆகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றேன்.

"போகக் கூடாது அத்தை. அவரு எங்கூடத்தான் இருக்கணும். புள்ளையை நீங்க பாத்துக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான்தான் என்று உறைத்தது. காது மடல் சுட்டது. மாமியார் செருப்பைக் கழற்றினார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போனப்புறம், புள்ளை எங்கிட்டயே இருக்குமா?" என்று கேட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.