கன்றுக்குட்டியின் கயிறும் காலிக் கட்டங்களும்

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி ஆஸ்பத்திரி ஒன்றில் வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபத்தால் ஒரு சிறுமியின் காரியத்தையே கெடுக்கப் பார்த்தேன். கெடவில்லை என்பதால்தான் இப்போது சொல்ல முடிகிறது.

இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் ஐந்து வயது மகளைக் கூட்டிவருவார். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். வாய்தான் திறக்காது. அவள் கை நீட்டுமுன்பே வீட்டில் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஜூன் மாதத்துக்குள் நாலு வார்த்தை வராவிட்டால் வெளியூரில் விடுதிப் பள்ளியில் விட்டுவிடுவதென்று தகப்பனார் முடிவு செய்து, தகரப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டார். தாய்க்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அழுகை.

நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பிள்ளையை எதிரில் உட்காரவைத்துப் பயிற்சி. செய்த நாளுக்கு ஒரு டிக். மார்ச் மாதம் ஒருநாள் நோட்டைப் பிரித்தேன். ஒரு கட்டம் பாக்கியில்லை. இன்னும் வராத பத்து நாட்களுக்கும் சேர்த்தே டிக் போட்டிருந்தது.

"நாளைக்குச் செய்யப்போறதை இன்னிக்கே செஞ்சு முடிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கட்டம் காலியா இருந்தா நீங்க திட்டுவீங்கன்னு பயந்துகிட்டு போட்டுட்டனுங்க. வூடு வந்து, மாட்டப் பாத்து, சோறாக்கி முடிக்கறதுக்குள்ள பாப்பா தூங்கிப்போவுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பழக்கங்கள் எப்படி மாறுகின்றன என்ற ஆராய்ச்சிகளை, மைசூரில் இந்தப் பயிற்சி கற்ற காலத்தில் விழுந்து விழுந்து படித்தவள் நான். சின்னதாகத் தொடங்கு, செய்தவுடன் பாராட்டு, ஏற்கெனவே உள்ள வேலையோடு புதியதைச் சேர். பிள்ளைகளிடம் அதையெல்லாம் பொட்டுக்கடலையும் கையுமாக ஒழுங்காகச் செய்வேன். தாய்மார்களுக்கு மட்டும் திட்டு. வெட்கமாக இருந்தது.

"சரிங்க, எது மறந்தாலும் தினமும் மறக்காம செய்யற வேலை எதுங்க?"

"மாடு கறக்கறதுங்க. கன்னுக்குட்டிய அவுத்து வுடறதுன்னா பாப்பாவுக்கு உசுரு. என் கையப் புடிச்சு இழுத்துகிட்டே நிக்கும்."

அதைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை அவிழ்க்குமுன் "வுடு" என்று ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எந்தச் சத்தம் வந்தாலும் உடனே அவிழ்த்துவிட வேண்டும். வராவிட்டால் பத்து முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். சத்தம் வந்த நாளுக்கு மட்டும் டிக். காலியாக இருந்தால் திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"நான் காத்திருப்பனுங்க. கன்னுக்குட்டி காத்திருக்குமா?" என்று கேட்டு, முதல்முறையாக என் முன்னால் சிரித்தார்.

அடுத்த வாரம் நோட்டு முழுக்கக் காலி. நாக்கைக் கடித்துக்கொண்டு, "காத்திருந்தீங்கல்ல, அதுவே பெரிசுங்க" என்றேன். அதற்கடுத்த வாரமும் காலி. அப்போதும் திட்டவில்லை. மூன்றாவது வாரம் நோட்டைப் பிரித்து நீட்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். ஒரே ஒரு டிக். "'வு'ன்னுச்சுங்க!" என்றார். அது உண்மை என்பதற்கு அதன் முன்னால் இருந்த காலிக் கட்டங்களே சாட்சி. அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.

அதன்பின் வீட்டில் மற்றவர்களும் காத்திருக்கப் பழகினார்கள். பாப்பாவின் பேச்சில் சோறு வந்தது, தண்ணி வந்தது, அண்ணன் வந்தான்.

ஜூனில் தகப்பனாரும் கூட வந்தார். பெட்டியை என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"ராகி கொட்டி வெச்சிருக்கமுங்க. பாப்பாவ உள்ளூர் ஸ்கூல்லயே சேத்தாச்சு."

அப்பாடா என்றிருந்தது. சிறுமியை மடியில் இழுத்து உட்காரவைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு வெளியே போக வேண்டும். அழவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "வுடு" என்றாள்.

உடனே விட்டுவிட்டேன்.