சைமன் அண்ணன் பாடிய கப்பல் பாட்டு

மலாய் நாட்டுக்கு வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கிய புதிதில், யாராவது ஒரு பாட்டை முணுமுணுத்தால் "எந்தப் படம்?" என்று கேட்டுவிடுவேன். எங்கள் ஊர் நாகப்பட்டினத்தில் அது சாதாரணக் கேள்வி. பாட்டு என்றால் ஏதாவது ஒரு படத்தில் வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரீத்தா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே பாடியபோதும் கேட்டேன்.

"படமா? இல்லலா தம்பி. இது உங்க அண்ணே பாடுனது. முன்ன ரேடியோவுல போடுவாங்க."

என்னால் நம்ப முடியவில்லை. அவர் கணவர் சைமன் அண்ணன் பேசினால் காற்றுதான் வரும். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அப்படி ஆகிவிட்டதாம். ரயில்வே குடும்பத்தில் பிறந்து கிள்ளானில் வளர்ந்தவர். எழுபதுகளில் ஹோட்டல்களில் ஆங்கிலமும் மலாயும் பாடியிருக்கிறார். தமிழில் தானே எழுதி, மெல்லிசைப் பாடல்களாகச் சில இசைத்தட்டுகளும் கொண்டுவந்திருக்கிறார். கிள்ளான் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது எல்லாம் போய்விட்டன. "அந்தக் குரல இன்னொரு தடவ கேட்டாப் போதும்" என்றார் அக்கா. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் துணிக்கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். இளையவர்களுக்கு அப்படி ஒரு பாடகர் இருந்ததே தெரியவில்லை. கடைசியில் போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு கொண்டுவரும் லோரிக்கார அண்ணன் ஒருவர், காஜாங்கில் ஒரு சீனர் காப்பிக்கடையில் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

அடுத்த விடுமுறையில் போனேன். என் அரைகுறை மலாயில் "பிரிங்" வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு காலித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இசைத்தட்டுக்கு "பிரிங் ஹீத்தாம்", கறுப்புத் தட்டு, என்று சொல்ல வேண்டுமாம். நான் விரலைச் சுழற்றிக் காட்டிய பிறகு சிரித்துவிட்டு, பழைய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். உறையில் மெலிந்த, சுருள்முடி சைமன் அண்ணன். முன்பு ரப்பர் தோட்டத்துக்கு எதிரே கடை வைத்திருந்தபோது, தமிழ் வாடிக்கையாளர்களுக்காக வாங்கியதாம். விற்க மாட்டேன், வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணன் வர மறுத்தார். "செத்தவன் குரலக் கேக்கற மாதிரி இருக்கும் தம்பி." அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பிறகு அண்ணனும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காப்பிக்கடையில் இசைத்தட்டின்மேல் முள் இறங்கியதும் சிறு கரகரப்பு. பிறகு அந்தக் குரல். அவசரமே இல்லாத குரல். பெரிய பாடகர்கள் உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவர் தாழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப்போலப் பாடினார். கடைக்காரர் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் குனிந்து, "இங்க மூச்சு தப்பா எடுத்திருக்கேன்" என்று கிசுகிசுத்தார்.

"பேசாதீங்க," என்றார் அக்கா. "அவரு பாடுறாரு."

அண்ணன் மேசையின் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை அவர் கைமேல் இருந்தது.

அண்ணனின் அப்பா ஏறிவந்த கப்பலைப் பற்றிய பாட்டு அது. 'நாகைக் கரையின் நீல மலையே, என் தந்தை முகம் நினைவிருக்கா' என்று முடிந்தது. நாகப்பட்டினத்தில் ஏது மலை? கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் உப்பளமும்தான். அண்ணன் இந்தியாவைப் பார்த்ததில்லை. பினாங்கில் கப்பலுக்குப் பின்னால் மலை தெரியும். எல்லாத் துறைமுகமும் அப்படித்தான் என்று நினைத்து எழுதியிருப்பார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கேட்டார்: "நீங்க அந்த ஊருதானே தம்பி. மலை இன்னும் அழகா இருக்கா?"

"இருக்குண்ணே," என்றேன்.

அடுத்த ஆண்டு லீவில் ஊருக்குப் போனபோது ஒரு மாலை கடற்கரையில் நின்றேன். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் திரும்பி நின்று, வெறும் வானத்தின் கீழ் அந்த மலையைத் தேடினேன்.