யன்னலில் நின்றவன்

கிளிநொச்சியில் சிறிய வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய வீடியோக்களை முப்பரிமாணமாக மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. காட்சியில் எது கிட்டே, எது தூரத்தில் என்று கணினி கணிக்கும். அது பிழைவிடும் இடங்களை நான் கையால் திருத்துவேன்.

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா, மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டு வீடியோவைக் கொண்டுவந்தார். கனடாவில் இருக்கும் அந்த மகள்தான் கேட்டாளாம். வீடியோவில், மகளை இருத்திய மணவறைக்குப் பின்னால் ஒரு சட்டம், அதற்குள் மங்கலாக ஓர் இளைஞனின் முகம், சுற்றிவரப் பூமாலை. கணினி அந்த முகத்தைச் சுவருக்கும் அப்பால் தள்ளியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாலை போட்ட படம் இல்லாத வீடு எது? நான் யோசிக்கவேயில்லை. முகத்தைச் சுவரோடு தட்டையாக்கிவிட்டேன்.

வேலை முடிந்ததும், முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிப் பார்த்த அம்மா சட்டென்று கழற்றினார்.

“தம்பி, என்ரை மகனை ஏன் சுவரில படமா மாட்டினனீங்கள்? அவன் யன்னலுக்கு வெளியில நிண்டு பாத்தவன். அது சோடினைக்குக் கட்டின பூ.”

நான் காட்சியை அந்த முகத்தில் நிறுத்தினேன்.

“கடைசிச் சண்டைக்குள்ள காணாமல் போனவன். இண்டைக்கும் தேடுறன். அவன்ரை படத்துக்கு நான் இன்னும் மாலை போடேல்லை.”

கணினி சரியாகத்தான் கணித்திருந்தது. பிழைவிட்டவன் நான். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, அங்கேயே என் திருத்தத்தை அழித்தேன்.

மறுபடி கண்ணாடியை மாட்டியவர், “ஓம், வெளியிலதான் நிக்கிறான்” என்றார். பிறகு, யன்னல் சட்டம் மறைத்த மீதி உடம்பையும் பார்க்க, மெல்லத் தலையைச் சரித்தார்.

கமெராவில் பதியாத உடம்பு, எவ்வளவு சரித்தாலும் தெரியப்போவதில்லை. நான் அந்தக் காட்சியைத் திரும்பவும் ஓடவிட்டேன்.