லூர்துக்குப் போகிற வழியில் ஒரு குழையல்

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஜூலை மாதம். ஒஸ்லோ குரோருட்டில் எங்கள் அடுக்குமாடியின் அரைவாசிச் சன்னல்கள் விடுமுறைக்கு இழுத்து மூடிக் கிடந்த நாட்களில், நாங்களும் காரைக் கிளப்பிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனோம். பாரிஸில் உறவுக்காரப் பிள்ளையின் கலியாணம். அது முடிந்து, அங்கிருந்து தெற்கே லூர்து மாதா கோயிலுக்குப் பயணம். காரில் மூன்றே பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி. தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் சேலைக்கடை பார்க்கப் பாரிஸிலேயே நின்றுவிட்டார்கள்.

சைவக்காரருக்கு லூர்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் இந்தத் தம்பி நோர்வேக்கு வரவென்று வெளிக்கிட்டு, வழியில் ஏதோ ஒரு நாட்டில் அகப்பட்டு, மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் போனான். அப்போது என் மனைவி சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் மாதாவின் படத்தையும் வைத்து நேர்ந்தாள்: தம்பி உயிரோடு என் வாசலுக்கு வந்து சேரட்டும், அவனையும் கூட்டிக்கொண்டு வந்து உனக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன். ஆபத்தென்றால் எந்தத் தெய்வத்தின் கதவையும் தட்டுகிறவர்கள்தானே நாங்கள். அவன் வந்தான். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று வேரும் விட்டான். நேர்த்திதான் ஒவ்வொரு கோடையும் ஒவ்வொரு சாட்டோடு தள்ளிப்போனது.

பாரிஸ் பின்னால் கரைந்து, சூரியகாந்தித் தோட்டங்கள் தொடங்கின. எல்லாப் பூவும் ஒரே பக்கம் முகம் வைத்து, தேர் வரும் திசையைப் பார்க்கும் சனம்போல நின்றன. நான் அதில் கிறங்கியபடி கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின் சீற்றிலிருந்த தம்பி தொண்டையைச் செருமினான்.

"அக்கா, நாங்கள் லண்டனுக்கு மாறுறதா முடிவெடுத்திட்டம்."

அந்த வருடங்களில் நோர்வேயில் வீட்டை விற்றுப்போட்டு லண்டனுக்குப் போன எங்கள் சனம் கொஞ்சமில்லை. பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு, கோயில், கடைத்தெரு என்று ஆளுக்கொரு நியாயம். ஆனால் நோர்வேயில் என் மனைவிக்கு இரத்தமென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

"அப்ப நான் என்னத்துக்கு நேர்ந்தனான்?" என்றாள். அவ்வளவுதான். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியவள் திருப்பியவள்தான்.

மரங்கள் இருபுறமும் வரிசை கட்டிய வீதி. வெயிலும் நிழலும் மாறி மாறிக் கார்க் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தன. நான் ரேடியோவைப் போட்டேன், அவள் நிற்பாட்டினாள். சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் அடிவாங்குகிற பக்குவம் எனக்கு இல்லை. அக்காவும் தம்பியும் இப்படியே போய் மாதாவுக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்களே என்று எனக்குள் ஒரு பதைப்பு.

எங்கடை சனம் ஐரோப்பா முழுக்கக் கார் ஓடியிருக்கும். வழியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் ஆறுதலாக இருந்து சாப்பிட்டிருக்காது. டிக்கியில் எப்போதும் சாப்பாட்டுப் பெட்டி. அன்றும் பாரிஸ் வீட்டார் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மரநிழலில் நிறுத்தித் திறந்தால், தேங்காய்ப்பூப் போட்ட புட்டு அந்த வெயிலில் புளித்து மணத்தது. வறுத்த செத்தல் மிளகாய் போட்டு இடிச்ச சம்பல் போத்தல் ஒன்றுதான் தப்பியிருந்தது. மனைவி நேர்த்திக்காக மரக்கறி விரதம் வேறு.

"எனக்குப் பசியில்லை" என்று அவள் என்னிடம் சொன்னாள், அவனுக்குக் கேட்கும்படியாக.

அடுத்த ஊரின் வளைவில் கல்லாலான பழைய வீடொன்று. வாசலில் லொறிகளும் ஒரு உழவு இயந்திரமும். உள்ளே சாப்பாட்டு மணம். கையில்லாத பூச்சட்டை போட்ட, பருத்த கடைக்கார அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு மேசையைக் காட்டினார். சமையல் அடங்குகிற நேரம்போல.

எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. விரதத்தை எப்படி விளக்குவது? தம்பி எழும்பி நின்று மாடுபோல 'ம்மா' என்று கத்தினான், தலையை ஆட்டி 'வேண்டாம்' என்றான். கோழிபோலச் சிறகடித்தான், வேண்டாம். மீன்போல இரண்டு கையையும் சேர்த்து நெளித்தான், அதுவும் வேண்டாம். லொறிக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். மனைவியின் உதட்டோரம் ஒரு துடிப்பைக் கண்டேன். உடனே சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய தட்டு வந்தது. துருவின கரட், பீட்ரூட், தக்காளி, அவித்த உருளைக்கிழங்கு, போஞ்சி. கூடவே ஒரு கூடை பாண், வெண்ணெய். சோறும் கறியும் ஒன்றாக வந்து இறங்கிப் பழகிய எங்களுக்கு, இதுதான் முழுச் சாப்பாடு. நானும் தம்பியும் பாணை ஒரு கை பார்த்தோம். அவள் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை.

அப்போது தம்பி எழும்பிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். காரிலிருந்து சம்பல் போத்தலையும் எடுத்து வந்திருந்தான். தட்டிலிருந்த கிழங்கை விரலால் மசித்து, போஞ்சி, பீட்ரூட், வெண்ணெய், சம்பல் எல்லாம் போட்டுக் குழைக்கத் தொடங்கினான். அவன் குரோருட் வீட்டுக்கு எலும்பும் தோலுமாக வந்து இறங்கிய அன்று, அக்கா இப்படித்தான் சட்டியோடு சோற்றைக் குழைத்து, உருண்டை உருண்டையாக அவன் கையில் வைத்தாள். அந்த வீட்டில் குழைக்கிறது அக்கா. கையை நீட்டுகிறது தம்பி. இன்றைக்கு அவன் குழைத்த உருண்டை அவளுக்கு முன்னால் நீண்டது.

"அக்கா, கையை நீட்டுங்கோ."

அவள் பார்த்தாள். பக்கத்து மேசைகளும் பார்த்தன. உருண்டையிலிருந்து பீட்ரூட் சாறு அவன் மணிக்கட்டு வழியே வடிந்தது. மெதுவாகக் கையை நீட்டி வாங்கினாள். வாயில் போட்டு மென்றாள்.

"உப்புக் காணாது."

சூரியகாந்தித் தோட்டத்துக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்ப நீங்களே குழையுங்கோவன்."

"தள்ளடா, உனக்கென்ன தெரியும்" என்று தட்டை இழுத்தாள். உப்புப் போட்டாள், இன்னும் சம்பல் போட்டாள். எனக்கொன்று, அவனுக்கொன்று. எட்டிப் பார்த்த கடைக்கார அம்மாவும் வெட்கமில்லாமல் கையை நீட்ட, அவருக்கும் ஒன்று. அந்த அம்மா மென்றார், சிவந்தார், கண்ணால் தண்ணீர் ஓட நெஞ்சில் கைவைத்து ஏதோ கத்தினார். கடையே சிரித்தது. வழித்துத் துடைத்துவிட்டு, திருப்தியாக எழும்பினோம்.

அந்த அம்மா ஓடிவந்து எங்களைத் தோளில் அமத்தி இருத்தினார். அது தொடக்கம்தானாம்! பிறகல்லவா வந்தது பாலாடையில் வேகவைத்த கிழங்கு, பிறகு பாலாடைக்கட்டிகள், பிறகு பிளம்ஸ் பழம் பதித்த பணியாரம். ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட காத்திருப்பு. அந்தக் காத்திருப்புகளுக்குள்ளேதான் இருவரும் கதைத்தார்கள். வீடு எந்தப் பக்கம், பிள்ளைகளுக்கு என்ன பள்ளிக்கூடம் என்று அவள் கேட்டாள். திராமனில் பிள்ளைகள் தன்னோடு நோர்வேஜிய மொழியில் மட்டும் கதைப்பதை அவன் சொன்னான். லொறிகள் ஒவ்வொன்றாகப் போய், கடை எங்களுக்கே ஆனபோது அவள் சொன்னாள்:

"நான் மாதாட்டை நீ வந்து சேரவேணும் எண்டுதான் கேட்டனான். பக்கத்திலை வைச்சிருக்க வேணும் எண்டு கேக்கேல்லை." பணியாரத்தின் கடைசித் துண்டை அவன் பக்கம் தள்ளினாள். "எனக்கெண்டு ஒரு அறை விடவேணும், சொல்லிப்போட்டன்."

அவன் தலை குனிந்தபடியே அதைச் சாப்பிட்டான்.

பின்னேர வெயிலில் சூரியகாந்திகள் தலை சாய்த்து நின்றன. காரில் அக்காவும் தம்பியும் பின்னால் ஏறிக்கொண்டு என்னைச் சாரதியாக்கி, வழி முழுக்க என் ஓட்டத்தைப் பழித்தார்கள். லூர்தில் இருவரும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்துக் கொளுத்தினார்கள்.

அடுத்த வருடம் அவன் லண்டன் போனான். நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் முதல் நாள் குழையல்தான். குழைக்கிறவர் யாரானாலும் மற்றவர் உப்புக் காணாது என்றுதான் சொல்லவேண்டும். நான் கையை நீட்டிக்கொண்டு இருப்பேன். அதிகம் இறுக்கினால் விரலிடுக்கால் பிதுங்கிப் போகும், இறுக்காவிட்டால் உதிர்ந்து போகும் என்பது குழைக்கிற கைக்குத் தெரியும்; அன்பானவர்களைப் பிடித்திருக்கிற அளவும் அதுதான் என்று, கை நிறையப் பீட்ரூட் சிவப்போடு அந்தப் பிரெஞ்சுக் கிராமத்து மேசையில் இருந்த மத்தியானம் இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.